வலது காதுத் தீர்மானம்

மனிதனுக்குக் காது இரண்டு என்பதைக் கடவுள் யாரையும் கலந்து பேசாமலே முடிவு செய்துவிட்டார். ஞானசித்தி சைவ நற்பணி மகாசபையை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒன்றே போதும், அதுவும் வலது பக்கத்தில் இருக்கட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்து, மூன்று பிரதி எடுத்து, முத்திரை குத்திக் கொடுத்திருப்பார்கள். கேட்காமல் விட்டதால் வந்த சிக்கலைக் கோப்பாய்க் கதிரவேலு அனுபவிக்க வேண்டியதாயிற்று.

கதிரவேலு வெங்காயமும் மிளகாயும் வைக்கிற தோட்டக்காரர். அதோடு கிணற்றுக்கு வெடி வைக்கவும் போவார். இரண்டு முழம் மண் போனதும் கல் தொடங்குகிற ஊர் அது. கல்லில் துளை போட்டு, மருந்து அடைத்து, திரி கொளுத்திவிட்டு ஏறி ஓடத் தெரிந்தவருக்கு அங்கே நல்ல மரியாதை. அவருடைய ஐம்பத்தோராவது வயதில் ஒரு திரி தன் வேலையைக் குறித்த நேரத்துக்கு முன்பே செய்து முடித்துவிட்டது. இந்த நாட்டில் ஒரு காரியம் நேரத்துக்கு முன்னால் நடந்ததாக அவர் அறிந்தது அந்த ஒருமுறைதான்.

வெடித்தது வலது பக்கம். அந்தக் காது அன்றோடு சரி. கோயில் மணியைக் கழற்றி அதற்குள் கட்டித் தொங்கவிட்டாலும் கேட்காது. இடது காது அரை உயிரோடு தப்பியது. பக்கத்தில் வந்து, வாயைக் கிட்ட வைத்து, பெலமாகக் கத்தினால் அதில் கேட்கும்.

பதினொரு வருடமாக அப்படிக் கத்தியவள் அவர் மனைவி கனகாம்பிகை. பிள்ளைகள் இல்லாத வீடு. சோறு ஆறுகிறது என்பதையும், மாடு கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது என்பதையும் அவள் ஒரே சுருதியில்தான் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் எதைச் சொன்னாலும் அடுத்த ஒழுங்கை வரைக்கும் கேட்கும். ஆகையால் புருசனும் பெண்சாதியும் தங்களுக்குள் மெல்லப் பேசிக்கொள்கிற பேச்சு என்று ஒன்று அங்கே பதினொரு வருடமாக இல்லை.

எழுபத்துமூன்றாம் ஆண்டு ஐப்பசி மாதம் கனகாம்பிகையின் குரல் கம்மத் தொடங்கியது. மானிப்பாயில் காட்டினார்கள், யாழ்ப்பாணத்தில் காட்டினார்கள், கடைசியில் மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முதலில் ஆறு கிழமை கதிர்ச் சிகிச்சைக்குக் கரண்ட் பிடிப்பது, பிறகு வருகிற ஆவணி பன்னிரண்டாம் தேதி குரல்வளையை எடுத்துவிடுவது என்று டொக்டர்மார் முடிவு சொன்னார்கள். எடுத்தால் உயிர் தங்கும், பேச்சு இல்லை. வெற்றிலையோடு போடுகிற புகையிலைதான் காரணம் என்று டொக்டர் சொன்னார். ஊர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. செவிட்டு மனுசனோடு கத்திக் கத்தியே அவளுக்குத் தொண்டை போனது என்று ஊர் சொன்னது. டொக்டரை நம்புவதா ஊரை நம்புவதா என்று வந்தபோது கதிரவேலு ஊரைத்தான் நம்பினார். அந்த நினைப்பு அவரைத் தின்றது.

மகரகமவிலிருந்து திரும்பியபோது அவளிடம் மிச்சம் இருந்தது ஒரு பிடி குரல். பின்னேரங்களில், விளக்குக் கொளுத்தின பிறகு, அவருடைய இடது பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். ஒரு நாள் அல்ல, நாள்தோறும். அவருக்குக் காதில் காற்று மட்டும் பட்டது. என்ன என்று கேட்பார். அவள் திரும்பவும் சொல்வாள். மூன்றாம் தரம் கேட்க வெட்கப்பட்டு, விளங்கினவரைப்போலத் தலையை ஆட்டுவார். விளங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் கொடுத்து எழுதச் சொன்னார். அவள் நெடுநேரம் யோசித்துவிட்டு, "சீனி முடிஞ்சுது" என்று எழுதினாள். இது இல்லை, நீ சொன்னதை எழுது என்றார். அவள் கொப்பியை மூடி வைத்துவிட்டாள். எழுத்தில் வைக்கிற சங்கதி அது இல்லை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. ஆவணி பன்னிரண்டுக்கு முன் அதைக் கேட்டுவிட வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இறக்குமதி எல்லாம் நின்றிருந்த காலம். காதுக் கருவி கொழும்பிலேயே கிடையாது. மகாசபையின் லண்டன் கிளை ஒரு கருவியை அன்பளிப்பாக அனுப்பியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, கதிரவேலு சபைக்கு விண்ணப்பம் போட்டார். நாலு பிரதி, இருபத்து மூன்று கேள்வி. விண்ணப்பதாரி செவிடர்தான் என்பதற்குச் சமாதான நீதவான் ஒருவரின் கையொப்பம். பிறகு நேர்முகப் பரீட்சை. செயலாளர் தியாகராசா, முப்பது வருடம் பிரதம லிகிதராக இருந்து பென்சன் எடுத்தவர், மேசைக்கு அப்பால் இருந்து தாழ்ந்த குரலில் பத்துக் கேள்வி கேட்டார். கதிரவேலு பதில் சொன்ன இரண்டு கேள்விகளும், அவருக்குக் காது கேட்கிறது என்பதற்கு ஆதாரமாக எழுதப்பட்டன. பதில் சொல்லாத எட்டும், அவர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கத் தவறினார் என்று எழுதப்பட்டன. இருந்தும் வேறு யாரும் விண்ணப்பிக்காதபடியால் கருவி அவருக்கே என்று முடிவாயிற்று.

காதை அளந்து, அதற்கு ஏற்ற அச்சுச் செய்ய வேண்டும். அதற்கென்று கொழும்புக் கொம்பனி ஒன்றிலிருந்து சிமியோன் என்ற இளைஞர் மாதத்தின் முதற் சனிக்கிழமை பட்டணத்து மருந்துக்கடை ஒன்றின் பின்னறைக்கு வருவார். அவர் கதிரவேலுவின் இரண்டு காதையும் அளந்து தாளில் இரண்டு கோடு போட்டார். ஒன்று நடுவில் போனது. மற்றது தாளின் அடியில் விழுந்து கிடந்தது. வலது காது செத்துப்போனது, எந்தக் கருவியும் அதை எழுப்பாது, இடது காதுக்குப் போட்டால் மெல்லப் பேசுவதும் கேட்கும் என்று சிமியோன் தெளிவாக எழுதிக் கையொப்பம் வைத்தார். சேட்டுப் பையில் வைக்கிற பெட்டியும் வயரும் எந்தக் காதுக்கும் பொருந்தும், காதுக்குள் வைக்கிற அச்சு மட்டும் ஒரு காதுக்குச் செய்தால் மற்றக் காதுக்கு ஆகாது என்பதையும் சேர்த்து எழுதினார்.

அந்த அறிக்கை நிர்வாக சபைக்கு வந்தது. தலைவர் கனகசபாபதி எழுந்தார். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். நாற்பது வருடம் பிறருடைய கடிதங்களை உரிய இடத்தில் சேர்த்தவர் என்பதால், எது எங்கே போக வேண்டும் என்பதில் தமக்கு ஒரு தனி ஞானம் இருப்பதாக நம்பினார்.

"குருவானவர் தீட்சை வைக்கும்போது மந்திரத்தை எந்தக் காதிலே ஓதுகிறார்?" என்று அவர் சபையைக் கேட்டார். "வலது காதிலே. பிறந்த பிள்ளைக்குப் பெயரை எந்தக் காதிலே சொல்லுகிறோம்? வலது காதிலே. இச்சபை தனது வரலாற்றிலே முதன்முதலாக வழங்குகிற கருவியை இடது காதிலே கொண்டுபோய் வைத்தால், லண்டன் கிளைக்கு நாங்கள் எந்த முகத்தோடு படம் அனுப்புவது? அதுவும் போகட்டும். இந்த அறிக்கை என்ன சொல்லுகிறது? இடது காது ஓரளவு வசதியுள்ள காது. வலது காது ஒன்றுமே இல்லாத காது. இல்லாதவர்க்கு உதவுவதே எங்கள் யாப்பு விதிகளின் நாலாம் பிரிவு. வசதியுள்ள காதுக்கு உதவி செய்ய எங்களுக்கு அதிகாரம் இல்லை."

கைதட்டல் எழுந்தது. வலது காதில் வைத்தால் அந்த மனிதனுக்குக் கேட்குமா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். வழங்குவது சபையின் செயல், கேட்பது ஈசனின் செயல், அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று தலைவர் தீர்ப்பளித்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கேட்டவரும் கை உயர்த்தினார்.

சிமியோன் சபையின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். ஓடர் கொடுத்தது சபை, பெட்டி சபையின் சொத்து, தான் கூலிக்கு வேலை செய்கிறவன் என்று கதிரவேலுவின் இடது காதுக்குள் சத்தமாகச் சொல்லி, மன்னிப்பும் கேட்டு, வலது காதுக்குள் பசையை அடைத்து அச்சு எடுத்தார். பங்குனி கடைசியில் அச்சு வந்து சேர்ந்தது. செத்த காதுக்கு அளவாக, மாசு மறுவில்லாமல் செய்திருந்தார்கள்.

சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமை கையளிப்பு விழா. வாழை கட்டி, நிறைகுடம் வைத்து, ஒலிபெருக்கியும் பிடித்திருந்தார்கள். தலைவர் கருவிப் பெட்டியைக் கதிரவேலுவின் புதுச் சேட்டுப் பையில் வைத்து, அச்சை வலது காதில் பொருத்தினார். மூன்று தரம் படம் எடுத்தார்கள். பிறகு ஆறு பேர் பேசினார்கள். செவிடருக்குச் செவி கொடுத்த சபை என்று ஒருவர், இனி இந்த ஊரில் செவிடர் என்ற சொல்லே இருக்காது என்று இன்னொருவர். கதிரவேலுவுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்கிறதா என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. கடைசியில் அவருடைய கையில் ஒரு தாளைக் கொடுத்து ஒலிபெருக்கிக்கு முன்னால் நிறுத்தினார்கள். செயலாளரின் முத்து முத்தான எழுத்தில், இன்று முதல் எனக்கு உலகம் கேட்கிறது, என்னைப் பெற்ற தாயிலும் மேலான மகாசபைக்கு நன்றி என்று எழுதியிருந்தது. கையில் கொடுத்ததை வாசித்துப் பழகியவர், வாசித்தார். தன்னுடைய குரலும் அவருக்குக் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் அச்சைக் கழற்றி இடது காதுக்குள் தள்ளிப் பார்த்தார். பொருந்தாத இடுக்கு வழியாகச் சத்தம் வெளியே ஒழுகி, பெட்டிக்குள் திரும்பிப் போய், கருவி கீச்சென்று விசில் அடித்தது. நாய் எழுந்து ஓடியது. ஈரத்துணி சுற்றி அமத்தினார். அப்போது ஒரே நேரத்தில் எல்லாம் வந்தன. காகம் கரைந்தது தலைக்குள். சேட்டுப் பையில் பெட்டி உரசுகிற சத்தம் வைக்கோல் மிதிக்கிற மாதிரி. தான் எச்சில் விழுங்குவதும் கேட்டது. பெட்டியை எடுத்துக் கனகாம்பிகையின் வாய்க்கு நேரே பிடித்தார்.

"இஞ்சாருங்கோ," என்றாள் அவள்.

கேட்டது. பதினொரு வருடத்துக்குப் பிறகு, கத்தாமல், அவளுடைய சொந்தக் குரலில், கரகரப்பாக, சின்னதாக அந்த ஒரு சொல் கேட்டது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் மேலே சொல்லத் தொடங்க, துணி நழுவி விசில் எழும்பி எல்லாவற்றையும் மூடிவிட்டது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். விசிலைத் தவிர ஒன்றும் வரவில்லை.

அந்த விசில் ஒழுங்கையால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த செயலாளர் தியாகராசாவுக்குக் கேட்டது. படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். சபையின் சொத்து இடது காதில் இருந்தது.

நாலாம் நாள் குற்றப்பத்திரிகை வந்தது. அங்கீகரிக்கப்படாத காதில் சபையின் கருவியைப் பாவித்தமை ஒன்று. அதற்கு ஈரத்துணி சுற்றியமை இரண்டு. வைகாசியில் விசாரணை. கதிரவேலு இரண்டையும் ஒத்துக்கொண்டு, தன்னுடைய கதையை முழுக்கச் சொன்னார். பெண்சாதிக்கு ஆவணியில் குரல் போகிறது, அதற்கு முன் அவள் சொல்வதை ஒரு தரம் கேட்க வேண்டும், இடது காதுக்கு ஒரு அச்சு மட்டும் செய்து தந்தால் போதும் என்றார். சபை உருக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தலைவர் யாப்பைப் புரட்டினார். நிறைவேறிய தீர்மானத்தை ஆறு மாதத்துக்குள் மாற்ற முடியாது. வேண்டுமானால் விசேட பொதுக்கூட்டம் கூட்டலாம், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் வர வேண்டும், சபை தொடங்கிய நாளிலிருந்து அவ்வளவு பேர் வந்ததில்லை.

வலது காது கேட்காததற்குப் பயிற்சிக் குறைவே காரணம் என்று ஒரு உறுப்பினர் கண்டுபிடித்தார். சங்கீதம் கேட்டுக் கேட்டுப் பழகுகிற மாதிரி, செத்த காதும் நல்ல பேச்சைக் கேட்டுக் கேட்டு உயிர் பெறும் என்றார். ஆகவே கருவி செயலாளரின் அலுமாரியில் இருக்கும் என்றும், மாதாந்தப் பூரணைச் சொற்பொழிவுகளில் மட்டும் கதிரவேலுவுக்கு மாட்டப்படும் என்றும் முடிவாயிற்று. வைகாசிப் பூரணையும் ஆனிப் பூரணையும் அவர் முன்வரிசையில், வலது காது மேடையைப் பார்க்கும்படி, பக்கவாட்டில் திருப்பி உட்கார்த்தப்பட்டார். அவருடைய கண்ணுக்கு முன்னால் மண்டபத்துச் சுவர்தான் இருந்தது. சுவரில் ஒரு பல்லி இருந்தது. இரண்டு மாதமும் அவர் கற்றுக்கொண்டது அந்தப் பல்லியைப் பற்றித்தான். பயனாளியின் வருகை திருப்திகரம் என்று லண்டனுக்கு அறிக்கை போனது.

ஆனிப் பூரணை கழிந்த கையோடு கனகாம்பிகை தானே தலைவர் வீட்டுக்குப் போகலாம் என்று சைகை காட்டினாள். இருவரும் போனார்கள். அவள் கைகட்டி நின்று, இருந்த குரலையெல்லாம் கூட்டி, ஏதோ சொன்னாள். தலைவர் முன்னால் குனிந்தார்.

"பெலத்துச் சொல்லும் பிள்ளை. எனக்கு விளங்கேல்லை," என்றார் அவர்.

அவள் திரும்பவும் சொன்னாள். தலைவர் பாவமாகச் சிரித்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைக் கதிரவேலு நன்றாக அறிவார்.

இருந்தாலும் மனம் இளகிய தலைவர் ஒரு காது ஆராய்வுக் குழுவை நியமித்தார். மூன்று பேர். அவர்கள் பூசை மணி ஒன்றைக் கொண்டுவந்து கதிரவேலுவுக்குப் பின்னால் நின்று வலது பக்கம் அடித்தார்கள், இடது பக்கம் அடித்தார்கள், ஒரு முறை ஒருவரையொருவர் கேட்காமல் இரண்டு பக்கமும் அடித்தார்கள். ஏழு பக்க அறிக்கை வந்தது. வலது காதின் தகுதியையும் மூப்பையும் குழு எவ்விதத்திலும் குறைக்கவில்லை; வலது காது தன் கடமையைப் பொறுப்பேற்கும் வரை, இடது காது அதன் சார்பில் பதில் காதாகக் கடமையாற்றலாம். உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இது உடனே விளங்கியது. தீர்மானத்தை மாற்றாமலே காரியம் முடிந்துவிட்டது என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் புதுக் காரியம் தொடங்குவதில்லை. பதில் காதின் பதவியேற்பை விஜயதசமியில் வைப்பது என்று நாள் குறித்து, அழைப்பிதழும் அச்சடிக்கக் கொடுத்துவிட்டார்கள்.

விஜயதசமி வருவது ஆவணிக்குப் பிறகு. கதிரவேலு விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எத்தனை தரம் எண்ணினாலும் ஆவணி முன்னால்தான் வந்தது.

ஆடி முதற் சனிக்கிழமை அவர் தனியாகப் பட்டணத்துக்குப் பஸ் ஏறி, மருந்துக்கடைப் பின்னறையில் சிமியோனிடம் எல்லாவற்றையும் சொன்னார். சிமியோன் கதவைச் சாத்தினார். ஒருவருடைய கடிதமும் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. இடது காதுக்குள் பசையை அடைத்து, பத்து நிமிடம் வைத்து, எடுத்துச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். இந்தக் கதையில் ஒரு மனிதன் நினைத்ததை அந்த இடத்திலேயே செய்தது இது ஒன்றுதான். அதனால் பலன் இல்லாமல் போனதற்கு அவர் பொறுப்பு இல்லை. கொழும்பில் கொம்பனிக்காரர் அச்சைச் செய்து முடித்து, பதிவேட்டைப் பார்த்து, கருவியின் சொந்தக்காரர் யாரோ அவருக்கே பதிவுத் தபாலில் அனுப்பினார்கள்.

ஆவணி இரண்டாம் தேதி அது தியாகராசாவின் வீட்டுக்கு வந்தது. அவர் கையொப்பம் வைத்து எடுத்து, உட்கடிதத்துக்கு இலக்கமிட்டு, அலுமாரியில் கருவிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். கொழும்பு மெயில் ரயிலுக்கு ஒன்பதாம் தேதி இடம் பதிந்திருந்தது. கதிரவேலுவுக்கு ஏழு நாள் இருந்தது. வீட்டிலிருந்து அந்த அலுமாரிக்கு நடந்து போனால் கால் மணித்தியாலம்.

ஏழு நாளும் அவர் போனார். முதல் நாள் செயலாளர் அலுமாரியைத் திறந்தே காட்டினார். பஞ்சுக்குள் இளஞ்சிவப்பாக, இடது காதின் உட்புறம் அப்படியே கிடந்தது. எல்லாம் பத்திரமாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று சொல்லிப் பூட்டினார். ஏழாம் நாள் கதிரவேலு வாசற்படியில் நின்று கும்பிட்டார்.

"ஐயா, எனக்கு உது சொந்தமா வேண்டாம். ஒரு பின்னேரத்துக்குத் தாருங்கோ. விளக்குக் கொளுத்தினாப் பிறகு ஒரு அரை மணித்தியாலம். நாளைக்கு விடிய, ரயிலுக்குப் போக முன்னம், நானே கொண்டுவந்து தந்திடுறன்."

தியாகராசா கெட்டவர் இல்லை. அவருடைய கண்ணும் கலங்கியது. படியிறங்கி வந்து, கதிரவேலுவின் தோளைப் பிடித்து, அவருடைய இடது காதுக்குள் வாயை வைத்து, இடது காதுக்கு இன்னும் அங்கீகாரம் இல்லை என்று கத்தினார்.

"எனக்கு விளங்குது கதிரவேலு. எனக்கும் மனிசி பிள்ளையள் இருக்கு. ஆனால் இண்டைக்கு நான் உமக்கு இரக்கப்பட்டு அலுமாரியைத் திறந்தால், நாளைக்கு ஆரும் வந்து ஏன் திறந்தனீர் எண்டு கேட்டால், இரக்கப்பட்டனான் எண்டு கூட்ட அறிக்கையிலை எழுதேலுமோ? முப்பது வரியமா நான் ஒரு பிழையும் விடேல்லை. ஒருத்தருக்கும் ஒண்டும் செய்ததில்லை."

கதிரவேலுவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவ்வளவு கிட்ட நின்று, அவ்வளவு பெலமாக, அந்தக் காதுக்குள் கனகாம்பிகையைத் தவிர ஒருவரும் கத்தியதில்லை.

அன்று பின்னேரம் விளக்குக் கொளுத்தின பிறகு கனகாம்பிகை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். அவர் காதைக் கையால் குவித்து, முழுவதையும் சரித்துக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். காற்றுப் பட்டது. அவள் சொல்லி முடித்துவிட்டு அவருடைய கையைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு ரயிலுக்குக் கட்டுச்சோற்றுக்குப் புளி கரைக்கப் போனாள்.

ஆவணி பன்னிரண்டாம் தேதி, சொன்னபடி, குரல்வளையை எடுத்தார்கள். புரட்டாதியில் கழுத்தில் ஒரு வெள்ளைத் துணியோடு அவள் வீடு வந்தாள். மகாசபை அனுதாபத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி, ஒரு பிரதியைக் கதிரவேலுவுக்கு அனுப்பியது.

விஜயதசமியன்று மண்டபம் நிறைந்திருந்தது. அழைப்பிதழில், நாலாவது நிகழ்ச்சியாக, "முதற் சொல்: திருமதி கனகாம்பிகை கதிரவேலு" என்று ஆடி மாதமே அச்சடித்திருந்தார்கள். தலைவர் அச்சை இடது காதில் பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. விசில் இல்லை. திருகியைத் திருப்பியதும் மண்டபம் முழுவதும் கதிரவேலுவின் தலைக்குள் வந்து இறங்கியது. கதிரை இழுபட்டது, குழந்தை சிணுங்கியது, பின்வரிசையில் யாரோ இருமினார், மேடையின் ஓரத்தில் தலைவரும் செயலாளரும் மெல்லிய குரலில் பேசிக்கொண்டதும் கேட்டது.

"அந்தப் பிள்ளைக்குக் குரல் இல்லையே ஐயா. நாலாவதை விடுவமோ?"

"அச்சடிச்சாச்சு. சொல்லுற மாதிரி வாயை அசைச்சால் காணும். படத்துக்குத்தானே."

கதிரவேலு எழுந்து போய்விட நினைத்தார். ஆனால் பெயரை வாசித்ததும் கனகாம்பிகை எழுந்துவிட்டாள். ஒருவரும் கைபிடிக்காமல் படியேறி வந்து அவருடைய இடது பக்கத்தில் நின்றாள். படம் பிடிக்கிறவர் வாயைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னார். குனிந்தாள். சத்தத்தைப் பிடிப்பது பெட்டிதான், காது அல்ல என்பது மேடையில் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். கதிரவேலு சேட்டுப் பையிலிருந்து பெட்டியை எடுத்து அவளுடைய முகத்தடியில் பிடித்தார்.

படம் எடுத்து முடிந்தது. அவள் நிமிரவில்லை. சொல்லிக்கொண்டே இருந்தாள். பின்னேரங்களில் சொல்கிற அதே நேரம் எடுத்தது. வாய் காதடியில் இருந்ததால் அவளுடைய உதட்டைக்கூட அவரால் பார்க்க முடியவில்லை. உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது. கழுத்துத் துணிக்குப் பின்னால் மூச்சுப் போய் வருகிற சத்தம் கேட்டது. நல்ல கருவி, அவ்வளவும் தெளிவாகக் கேட்டது. சொல் மட்டும் அதற்குள் இல்லை.

கேட்கிறதா என்று தலைவர் ஒலிபெருக்கியில் கேட்டார்.

"கேக்குது," என்றார் கதிரவேலு.

கனகாம்பிகை அவருடைய முகத்தைப் பார்த்தாள். பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தது என்று அவருக்கும் தெரிந்தது. அவள் அவருடைய கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, துணியைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போய்த் தன் கதிரையில் உட்கார்ந்தாள். மனைவியாரின் குரல் தெளிவாகக் கேட்பதாகப் பயனாளி உறுதிப்படுத்தினார் என்று செயலாளர் கூட்ட அறிக்கையில் எழுதினார். பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது.

பிறகு ஐந்து பேர் பேசினார்கள். இரண்டே கால் மணித்தியாலம். ஒரு சொல் தவறாமல் எல்லாம் கதிரவேலுவுக்குக் கேட்டது.